கை அடங்க ஒரு நோட்டு: கல்லூரி வாலிபால் துணைப் பயிற்சியாளராக வருபவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கை அடங்கவில்லை. ஐந்து வருடம் செட்டராக, அதாவது அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளாக, ஆடியவள் நான். கோட்டுக்கு வெளியே நின்றாலும், பந்து எழும்பினால் இரண்டு கையும் தானாக நெற்றிக்கு மேலே போய்விடும். உள்ளே ஆடிய செட்டர் பெண் பந்தை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் பி.டி. மேடம் ஒரு நாற்பது பக்க நோட்டையும் பென்சிலையும் நீட்டி, "இதைப் பிடித்துக்கொள், கை சும்மா இருக்கும்" என்றார். எனக்கு இந்த வேலை அந்த நோட்டில்தான் தொடங்கியது.

ஆடி முடித்துவிட்டுப் பயிற்சிப் பக்கம் வர நினைக்கும் பெண்கள் சேலத்தில் வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோப்பையைக் காட்டினால் வேலை நிலைக்காது. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். வேண்டும். பட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா இருந்தால் விண்ணப்பத்துக்கு மதிப்பே வேறு. அவ்வளவு நாள் வீட்டை விட்டுப் போக முடியாதென்றால் அவர்களுடைய ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையாவது முடியுங்கள். பின்னால் உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் போக எம்.பி.எட்.டும், நெட் அல்லது செட் என்ற கல்லூரிப் பணித் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்பார்கள். (செட் என்றதும் எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் நினைவுக்கு வந்தால் நீங்கள் அசல் சேலத்துக்காரர்.) அதற்கு உடல்திறன் தேர்வும் உண்டு, 30 வயது வரையுள்ள பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் ஓட வேண்டும். ஆட்டத்தை நிறுத்தினாலும் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

சம்பளத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது மாதம் 7,000 ரூபாய். கோடை விடுமுறைக்கு அதுவும் கிடையாது. நடுவர் தேர்வு எழுதி, சனி ஞாயிறுகளில் விசில் ஊதித்தான் சமாளித்தேன். "இதற்குத்தானா இவ்வளவு படித்தாய்?" என்று அம்மா கேட்டார். விசிலைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இனி நோட்டு. எதிரணி சர்வீஸ் போட்டதும், பந்து போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட விடாதீர்கள். நம் பெண் அதை எடுத்து செட்டருக்கு எப்படிக் கொடுக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். செட்டர் நின்ற இடத்திலிருந்தே எந்தப் பக்கமும் தூக்கிக் கொடுக்கலாம் என்றால் 3. நகர்ந்துபோய், நடுவில் அடிப்பவளை மறக்க வேண்டியிருந்தால் 2. ஓடிப்போய் எப்படியோ ஒருத்திக்கு உயரத் தூக்கிவிட்டால் 1. பந்து போயே போய்விட்டால் 0. பெயருக்கு நேரே எண், எண்ணுக்குப் பக்கத்தில் பந்து இடத்தோளுக்கு வந்ததா வலத்தோளுக்கா என்று ஒரு சிறு கோடு. அவ்வளவுதான் கணக்கு.

மேட்டூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை, சர்வீஸ் எடுக்கவே வராது என்று எல்லோரும் ஓரம் கட்டியிருந்தோம். நான்கு ஆட்டத்தின் கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் வந்த 19 பந்தில் 13-க்கு 3 வாங்கியிருந்தாள். இடப்பக்கம் வந்ததெல்லாம் 0, 1. போய்க் காலைப் பார்த்தால், இடது காலை முன்னால் நட்டு, அந்தப் பக்கம் உடம்பே திரும்பாதபடி நிற்கிறாள்! இரண்டு வாரம் கால் மாற்றி நிற்கப் பழக்கினோம். அடுத்த போட்டிக்கு, பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே நிற்கும் லிபரோவின் தனி நிறச் சட்டை அவளுக்குத்தான்.

கண்டுபிடித்ததைச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. டைம் அவுட் 30 விநாடி. அதற்குள் இரண்டு பேர் பேசினால் பெண்கள் காதில் எதுவுமே ஏறாது. அவர்கள் பெஞ்சுக்கு வந்து சேரும் நான்கைந்து விநாடிக்குள் மேடம் காதில் ஒரே வரி போடுங்கள்: "ஐந்தாம் நம்பர் குறுக்கே மட்டும்தான் அடிக்கிறாள்." அவர் அதைத் தன் சொல்லாகவே சொல்வார். முதல் வருடம் எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

சில்லறை வேலைகளும் உங்கள் தலையில்தான். வலையின் நடு உயரம் பெண்களுக்கு 2.24 மீட்டர், ஓரங்கள் அதைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. ஏப்ரல் வெயிலில் கிடந்த பந்து கல்லாக விறைத்துக்கொள்ளும். காற்றை அளந்து பார்த்த பிறகே ஆட விடுங்கள். ஏற்காட்டுப் பாதையில் ஏற்ற ஓட்டம் நல்ல பயிற்சி. ஆனால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி ஓட விடாதீர்கள். குதித்துக் குதித்து ஏற்கெனவே தேய்ந்த முழங்கால்கள் அவை. பஸ்ஸில் ஏற்றி இறக்குங்கள். என் வலது முழங்கால் சொல்கிற புத்தி இது.

வெளியூர்ப் போட்டி என்றால், ஆடத் தகுதி உண்டு என்று காட்டும் எலிஜிபிலிட்டி படிவமும் அசல் மதிப்பெண் பட்டியலும் உங்கள் பொறுப்பு. ஒருமுறை ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்புப் பட்டியலை என் மேசையிலேயே விட்டுவிட்டு, தர்மபுரி தாண்டிய பிறகு நினைத்துக்கொண்டேன். என் தம்பி அடுத்த பஸ் பிடித்து, விடிவதற்குள் பெங்களூரில் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை இது தெரியாது.

பெண்கள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேடம் என்று மாற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள், கேட்கவில்லை. மேடத்திடம் சொல்ல முடியாததை அக்காவிடம் சொல்வார்கள். முழங்கால் வலி என்றால் அன்றே மேடத்துக்குச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால் அது என்னோடு நிற்கும்.

அவர்கள் எப்போது வாய் திறப்பார்கள் என்றும் கண்டுவைத்திருக்கிறேன். மாலையில் வலையை அவிழ்த்ததும் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். அன்று முகம் சரியில்லாத பெண்ணை மறுமுனையைப் பிடிக்கச் சொல்வேன். ஒவ்வொரு மடிப்புக்கும் அவள் கிட்டே வருவாள். வாழப்பாடிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மற்றவர்கள் கத்துவார்கள். நான் அவசரப்படாமல் மடிப்பேன். கடைசி மடிப்பில் இரண்டு பேர் கையும் தொடும்போது, "அக்கா..." என்று ஆரம்பிப்பாள்.