பெற்ற பிள்ளை கவனிக்காவிட்டால்: பராமரிப்பு மனு எழுதுவது எப்படி?

'மகன் என்னோடு பேசுவதே இல்லை' என்று மனுவில் எழுதினால் அதிகாரி வருத்தப்படுவார்; ஆணை போட முடியாது. 'மருந்துக்கு மாதம் 2,800 ரூபாய் ஆகிறது, வருமானம் இல்லை' என்றால் போடலாம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007 பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது சோறு, துணி, மருந்து, இருப்பிடம் வரைக்கும்தான். பாசத்தைக் கட்டாயப்படுத்த எந்த அரசுக்கும் உரிமை இல்லை. பெற்றவர்களைப் பட்டினி போட எந்தப் பிள்ளைக்கும் உரிமை இல்லை. ஆகவே மனுவைச் செலவுக் கணக்காக எழுதுங்கள்: வாடகை, மளிகை, மருந்துச்சீட்டு நகல், பிள்ளைகளின் வேலை, வருமானம்.

சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் எந்த வயதிலும் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர்கள் 60 வயதுக்குமேல், தங்கள் சொத்தை அனுபவிக்கும் உறவினர்மீது கேட்கலாம். தமிழ்நாட்டில் மனுவை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவருக்காக அவர் அனுமதித்த வேறொருவரும் கொடுக்கலாம்.

எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சேருங்கள். 'மகள் பாவம், விட்டுவிடுவோம்' என்று ஒரு பெயரை விட்டால், மகனே அவரைச் சேர்க்கச் சொல்லி மனுப்போட்டு நாளைக் கடத்துவார். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு வர வேண்டும். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? இடைக்காலத் தொகையையும் முதல் மனுவிலேயே கேளுங்கள். பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆணை போதாவிட்டால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு.

பணம் நின்றுபோனால் பொறுத்துப் பார்க்காதீர்கள். தவணை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்டால்தான் வசூல் வாரண்டு கிடைக்கும். அதன்பிறகும் கட்டாத ஆளை ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம்.

பலர் ஏமாறுவது வீட்டை எழுதிக்கொடுக்கும்போது. தான செட்டில்மெண்டில் (பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில்) 'அன்பு, பாசத்தின் காரணமாக' என்ற வரி மட்டும் இருந்தால் இந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்வது கடினம். பராமரிப்பு நிபந்தனை இருந்திருக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், மகன் தனியே எழுதிக்கொடுத்த உறுதிமொழியையும் கணக்கில் எடுத்து, ஒரு தாய் கொடுத்த தானத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். 'ஆயுள்வரை உணவு, மருத்துவம், இருப்பிடம் தர வேண்டும். தவறினால் பத்திரம் செல்லாது' என்று பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் 'இதெல்லாம் எதற்கு?' என்று கேட்டாலும், அந்த வரி ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.