தோட்டத்தில் ஓலைக் குடில்: ஆடிக் காற்றுக்குப் பறக்காமல் கட்டுவது எப்படி?

நான் கட்டிய முதல் குடில், மூன்றாவது ஆடியில் பக்கத்துச் சோளக்காட்டில் போய்க் கவிழ்ந்து கிடந்தது. ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, எனக்குத்தான் அப்போது புத்தி இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் கூரையில் ஒரு கீற்றுகூடப் பிரியவில்லை. சவுக்குக் கால்கள் நாலும் தரைமட்டத்தில் முறிந்திருந்தன. மண்ணுக்கு மேலே மரம் கல் மாதிரி இருந்தது. ஒரு சாண் கீழே விரலால் நிமிண்டினால் கரையான் தின்ற பொடி.

அதனால் இந்தச் செய்முறையில் கூரையைவிடக் காலுக்குத்தான் அதிக இடம்.

கூரை எது?

தோட்டக் குடிலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் கெஸிபோ என்ற பெயரை இணையத்தில் தேடினால் எண்கோண வடிவில் வெள்ளை மண்டபங்கள் வரும். எட்டு மூலையையும் சரியாக வெட்டிச் சேர்ப்பது நல்ல ஆசாரிக்கே சவால். முதல்முறை கட்டுபவர்கள் நாலு கால் சதுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தகரம் சீக்கிரம் முடியும். ஆனால் பங்குனி வெயிலில் மத்தியானம் அடியில் உட்கார முடியாது. மங்களூர் ஓடு அழகு. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. ஒன்று இரண்டிலிருந்து மூன்று கிலோ இருக்கும். பத்துக்குப் பத்தடிக் குடிலுக்கு முந்நூறாவது வேண்டும். முக்கால் டன் எடை தலைக்கு மேல் நிற்கிறது என்றால் சட்டம் போடத் தெரிந்தவர் வேண்டும். தென்னங்கீற்று இரண்டு மூன்று மழைக்காலம்தான் தாங்கும், ஆனாலும் குளிர்ச்சி அதற்குத்தான். அளவு கொஞ்சம் பிசகினாலும் கயிறு சரிக்கட்டிவிடும். என் வாக்கு கீற்றுக்குத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை: நெருப்பு. கும்பகோணத்தில் 2004 ஜூலையில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. குடிலுக்குள் அடுப்பு, ஊதுபத்தி, தொங்கும் மின்வயர் எதுவும் கூடாது. வீட்டுச் சமையலறைப் பக்கமும் வேண்டாம்.

இடம்

தென்னை மரத்தடி நிழலாகத்தான் இருக்கும். தேங்காய் விழும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் தேங்காத, சற்று மேடான இடமாகப் பாருங்கள். கிழக்குக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் ஒரு தட்டி தொங்கவிட வசதி இருக்கட்டும். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே கீழே சொல்லும் குழியை இன்னும் ஓரடி ஆழமாக்குங்கள்.

முதல் வேலை: மூலை பிடிப்பது

நாலு முளை அடித்து 10 அடிக்கு 10 அடி கயிறு கட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடியும் மறுபக்கம் 8 அடியும் குறித்தால், இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 10 அடி வர வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு: இரண்டுமே 14 அடி 1¾ அங்குலம். இதில் இரண்டு அங்குலம் விட்டுக்கொடுத்தால் கூரை ஏறும்போது அது உங்களைத் தேடி வரும்.

கால்

ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம் என்று நாலு குழி. அடியில் மூன்று அங்குலம் ஜல்லி போட்டு இடியுங்கள். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குல ஜல்லி நாலு என்ற கலவைக்கு நாலு மூட்டை சிமெண்ட் போதும். ஒவ்வொரு குழியிலும் ஏறக்குறைய 350 கிலோ கான்கிரீட் நிற்கும். காற்று கூரையைத் தூக்க வேண்டுமென்றால் இதையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

மரத்தை இந்தக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் கால் அங்குலத் தடிமன் பட்டையில் யு வடிவப் பிடி நாலு செய்யச் சொல்லுங்கள். அடியில் ஓரடிக் கம்பி வைத்துப் பற்றவைத்து, அந்தக் கம்பி கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். கான்கிரீட் தரைக்கு மேல் அரையடி எழும்பி நிற்கட்டும். அதற்கும் மேலே அரை அங்குலம் இடைவெளி விட்டுப் பிடி இருக்கட்டும். தண்ணீர் நிற்காது, கரையான் ஏறினாலும் மண்வரி கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். நாலு பிடியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் சாக்கு போட்டு நனையுங்கள். மூன்றாம் நாளே கால் நிறுத்த அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் ஆறு அங்குலப் பருமனுள்ள, பட்டை உரித்த தைல மரமோ சவுக்கோ 7 அடி வெட்டி, பிடிக்குள் நிறுத்தி, இரண்டு அரை அங்குல போல்ட் போடுங்கள். தூக்குக்குண்டு பார்த்துவிட்டு, தற்காலிக முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள்.

உத்திரமும் முட்டும்

கால்மேல் சுற்றிலும் உத்திரம் வைத்துப் போல்ட்டால் இறுக்கினால் தரையிலிருந்து 8 அடி உயரம் வரும். இது அதிகம் என்று தோன்றும். குறைக்காதீர்கள். கீற்றுக்கு 45 டிகிரிச் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வழியாமல் ஊறும். அந்தச் சரிவில் உத்திரத்தைத் தாண்டி இரண்டடி இறவாணம் (வெளியே நீளும் கூரை ஓரம்) விட்டால் நுனி 6 அடிக்கு இறங்கிவிடும். உத்திரம் 7 அடியில் இருந்தால் வருகிற விருந்தாளி எல்லாரும் குனிந்துதான் நுழைவார்கள்.

யு பிடி மரத்தைப் பிடிக்கும், சாயாமல் தடுக்காது. அதற்குச் சாய்வு முட்டு: உத்திரத்துக்கு இரண்டடி கீழே காலில் தொடங்கி, உத்திரத்தில் இரண்டடி தள்ளிச் சேருகிற மூன்றடிக் கட்டை. ஒரு காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. இரு முனையிலும் போல்ட். ஆணி மட்டும் அடித்தால் ஆடி ஆடியே கழன்றுவிடும். எட்டும் மாட்டியபின் காலைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

கூரை

நாலு பக்கச் சரிவுக் கூரைதான் காற்றுக்கு நல்லது, தட்டையான சுவர் மாதிரி முகம் எதுவும் இருக்காது. நடுவில் 13 அடி உயரத்துக்கு ஒரு மூங்கிலைத் தற்காலிகமாக நிறுத்தி, மூலைக் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வுக் கம்பு) இரண்டை எதிரெதிராகச் சாய்த்து உச்சியில் போல்ட் போடுங்கள். அடுத்த இரண்டையும் அதன்மேல் சேருங்கள். ஒவ்வொன்றும் 12 அடிக்குச் சற்று மேல் வரும், 13 அடிக் கம்பாக வாங்குங்கள். இடையில் சின்னக் கைமரங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று. எல்லாக் கைமரத்தையும் உத்திரத்தோடு ஜி.ஐ. கம்பியால் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். குறுக்கே முக்கால் அடிக்கு ஒரு மூங்கில் வரிச்சு.

தென்னைநார்க் கயிற்றை முதல்நாள் இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஊறின கயிறு வளைந்துகொடுக்கும். கீழிருந்து மேலாகக் கீற்றை வேயுங்கள். மேல் வரிசை, கீழ் வரிசையில் பாதிக்கு மேல் மூட வேண்டும். மூலைகளில் இரட்டையாக. ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே நின்று கயிற்றை வாங்கிக் கொடுத்தால் வேலை ஓடும். முடித்ததும் மேலே மூங்கில் பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை) வைத்து வரிச்சோடு சேர்த்துக் கட்டுங்கள். கடலோர ஊர்களில் பழைய மீன்வலையை விரித்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிடைத்தால் அதுவும் நல்ல யோசனை.

பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், போல்ட் தளரும். ஒரு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு வருஷாவருஷம் வைகாசியில் ஒருமுறை, ஸ்பேனரோடு போய் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு வாருங்கள். எனக்குப் போன தடவை ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுக் கொடுத்தது.