கீசருக்கு டைமர் பூட்டுவது எப்படி? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு செய்முறை

குளிர்நாடுகளில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டுச் சூடாக்கியையும் வெந்நீரையும் சுவரில் உள்ள ஒரே பெட்டியால் கட்டுப்படுத்துகிறார்கள். திருமலையில் வீட்டைச் சூடாக்கும் தேவை யாருக்கும் வராது. கச்சான் வீசும் மாதங்களில் கூரை மேல் இருக்கும் கறுப்பு டாங்கித் தண்ணீரே மத்தியானத்தில் கையைச் சுடும். ஆனால் கார்த்திகை பிறந்து மாரி இறங்கி, வாடைக் காற்றும் சேர்ந்துகொண்டால் கதை வேறு. வயதானவர்கள், கைக்குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வெந்நீர் வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கோ எல்லா மாதமும் வேண்டும்.

எங்கள் வீட்டு மேல்மாடியிலும் இரண்டு அறை வாடகைக்கு இருக்கிறது. விருந்தினர் காலையில் கீசரைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் பொழுதுபட்டபிறகுதான் வருவார்கள். அதுவரை ஒருவரும் தொடாத தண்ணீர் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்துக் கடுப்பாகித்தான் இதில் இறங்கினேன்.

இன்ஸ்டன்ட் ஷவர் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் அது சூடாக்கும். டாங்கியோடு வரும் கீசருக்குத்தான் இந்த வேலை.

கொஞ்சம் கணக்கு

குளிக்க 40 பாகை அளவு சூடு போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றியவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். ஏழு கிணறும் ஏழு விதம் என்றாலும் சூடு கூடிய கிணறுகள் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் கீசரையும் 40இல் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கக் கூடாது. இளஞ்சூட்டில் நாள்கணக்காகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பக்டீரியா பெருகும், 60 பாகையில் அது செத்துப்போகும். அதனால் டாங்கியில் 60, குழாயில் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40. இதுதான் முறை.

கலப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 60 பாகையில் இருக்கும் 30 லீற்றரை 28 பாகைக் குழாய்த் தண்ணீரோடு கலந்தால், கணக்குப்படி 80 லீற்றர் குளிக்கிற தண்ணீர் கிடைக்கும். வெந்நீரை எடுக்க எடுக்க டாங்கிக்குள் பச்சைத் தண்ணீர் புகுவதால் நடைமுறையில் அது குறையும். என்றாலும் வாளியில் குளிக்கிற மூன்று பேருக்குத் தாராளம். அந்த 30 லீற்றரைச் சூடாக்க 1.1 யூனிட் அளவு போகும். 1500 வோட்ஸ் கீசர் என்றால் முக்கால் மணி நேரம், 2000 என்றால் அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நாளுக்கு அதற்கு மேல் அந்தச் சுவிட்சுக்கு வேலையே இல்லை.

வாங்க வேண்டியவை

முதலில் கீசரின் லேபலில் வோட்ஸ் பாருங்கள். அதை 230ஆல் வகுத்தால் அம்பியர். 1500க்கு ஆறரை, 2000க்கு ஒன்பதுக்குச் சற்றுக் கீழே, 3000க்கு 13.

வைஃபை சுவிட்சை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. மாரியில் கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் எழும்ப ஒரு நேரம், செயலி எழும்ப ஒரு நேரம். வாடகைக்கு வந்தவரிடம் போய் உங்கள் போனில் இந்தச் செயலியை இறக்குங்கள் என்று சொல்லவும் முடியாது. பிளக்கில் செருகும் வட்ட டைமரும் வேண்டாம். கீசர் மாதிரிப் பாரத்தை நாள்தோறும் இழுத்தால் சூடேறிப் பிளாஸ்டிக் இளகும். பிறேக்கர் பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் பூட்டுகிற 16 அம்பியர் டிஜிட்டல் டைமரே என் தெரிவு. உள்ளே பட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பட்டரி இல்லாத டைமர் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் நேரத்தை மறந்துவிடும்.

3000 வோட்ஸ் கீசர் என்றால் 25 அம்பியர் கொன்டாக்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். டைமரில் 16 என்று எழுதியிருக்கிறதுதான். ஆனால் நம் வெயிலில், மூடிய பெட்டிக்குள், 13 அம்பியரை மணிக்கணக்கில் அதன் வழியே விட எனக்கு மனமில்லை. கொன்டாக்டர் இருந்தால் பாரம் அதன் வழியே போகும், டைமர் அதற்கு உத்தரவு மட்டும் கொடுக்கும்.

இதோடு ஒரு மல்ற்றிமீற்றர். டெஸ்டர் ஸ்க்ரூ ட்ரைவரை நம்பி வயரில் கை வைக்காதீர்கள். கரண்ட் இல்லாத வயரிலும் அது மினுங்கும், சிலவேளை இருக்கிற வயரில் மினுங்காது.

தெர்மோஸ்டாட்

பிறேக்கரை இறக்கி, மல்ற்றிமீற்றரால் பார்த்து, மூடியைக் கழற்றினால் சிறு திருகு ஒன்று இருக்கும். சில கீசர்களில் அது வெளியிலேயே உண்டு. 60இல் வையுங்கள். எண் எழுதாமல் கோடு மட்டும் போட்ட திருகு என்றால், நடுவில் வைத்துச் சூடாக்கி, குழாயில் முதலில் வரும் வெந்நீரைக் கோப்பையில் பிடித்து வெப்பமானியால் அளந்து சரிசெய்யலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குழாய்ப் பக்கம் கலப்பு வால்வ் பூட்டுவது நல்லது. 60 பாகைத் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

வயரிங்

என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். கீசருக்குத் தனி வயர், தனி பிறேக்கர், எர்த், முன்னால் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது) ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பழைய வீட்டில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புது வீட்டில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். இரண்டும் கலந்து கிடக்கும் வீடுகளும் நம் ஊரில் நிறைய, அதனால் நிறத்தை நம்பாமல் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் டைமரின் முனைகள். நான்கு முனை டைமர் சுலபம்: இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. ஐந்து முனை டைமரில் இரண்டு முனை கடிகாரத்துக்கு மட்டும். மற்ற மூன்றும் தனியான ஒரு சுவிட்ச், அதற்குச் சொந்தக் கரண்ட் கிடையாது. லைவ் முனையிலிருந்து ஒரு துண்டு வயரை அந்தச் சுவிட்சின் பொது முனைக்குப் பாலமாகக் கொடுத்தால்தான் கீசருக்குக் கரண்ட் போகும். அந்தப் பாலம் இல்லாவிட்டால் திரையில் நேரம் ஓடும், ‘டிக்’ என்று சத்தமும் வரும், தண்ணீர் மட்டும் பச்சையாகவே இருக்கும். பாலத்துக்கும் கீசர் வயரின் அதே தடிப்பு வேண்டும், மிச்சம் கிடக்கிற மெல்லிய வயரை வெட்டிப் போடக் கூடாது. மிஞ்சிய இரண்டு முனைகளில் ஒன்று சாதாரண நேரத்தில் திறந்திருக்கும் (கரண்ட் போகாது), மற்றது மூடியிருக்கும் (கரண்ட் போகும்). கீசர் வயர் திறந்திருப்பதற்குத்தான் போக வேண்டும். மாறிக் கொடுத்தால் அணைய வேண்டிய நேரம் முழுக்க எரியும். எது எது என்று டைமரின் பக்கவாட்டில் சின்னப் படம் இருக்கும்.

இன்னொன்று: உள்ளே பட்டரி இருப்பதால் கரண்ட் இல்லாதபோதும் திரையில் நேரம் தெரியும். திரையை வைத்துக் கரண்ட் இருக்கிறது, இல்லை என்று முடிவெடுக்காதீர்கள்.

நேரம் கொடுப்பது

வயரிங் சரியாக இருந்தும் பலரும் தடுமாறுவது இங்கேதான். முதலில் நேரத்தையும் கிழமையையும் சரிசெய்யுங்கள். அப்புறம் முதல் நிரலில் எரிய வேண்டிய நேரம், அணைய வேண்டிய நேரம். எங்கள் அறைகளுக்குக் காலை 5.00 முதல் 5.50 வரை. கிழமைப் பகுதியில் ஏழு நாளும் ஒன்றாகத் தெரிகிறதா பாருங்கள், சிலவற்றில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் தானாக நிற்கும். மிச்ச நிரல்களைக் கோடாகவே விடுங்கள். அவற்றில் 0.00 என்று கிடந்தால் நள்ளிரவில் அதையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ‘ஆட்டோ’. கையால் ‘ஓன்’ செய்து பார்த்துவிட்டு அப்படியே ‘ஆட்டோ’வுக்குப் போனால் இந்த வகை டைமர்கள் எரிந்தபடியே நிற்கும். அடுத்து அணைக்கும் நேரம் வந்தால்தான் அணையும். காலை 7 மணிக்குச் சோதித்தீர்கள் என்றால் அது மறுநாள் 5.50! ‘ஓஃப்’ வந்து, அங்கிருந்து ‘ஆட்டோ’வுக்குப் போக வேண்டும். டைமர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை என்பது என் ஊகம்.

எந்த நேரம் மலிவு என்று கேட்பார்கள். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் நேரத்துக்கொரு விலை இல்லை. மாதத்தில் எத்தனை யூனிட் என்பதே கணக்கு, யூனிட் கூடக்கூட விலையும் படியேறும். நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தைத் தவிர்த்தால் போதும்.

பின்சேர்க்கை

மூதூரிலிருந்து ஒருவர், கீசரின் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது, அடைத்துவிடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. சூடாகும்போது தண்ணீர் விரியும், விரிந்தது வெளியேறுவதற்குத்தான் அந்த வழி. சூடாகும் நேரத்தில் மட்டும் சில சொட்டு வந்தால் பரவாயில்லை. நாள் முழுக்க ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள், அதுவும் கடற்கரைப் பக்கம் உப்புக் கலந்த கிணறு என்றால், வருடத்துக்கு ஒரு தடவை கீசரைத் திறந்து பார்க்க வேண்டும். கம்பிச்சுருளில் சுண்ணாம்பு படிந்தால் அது அளவுக்கு மிஞ்சிச் சூடேறிப் பழுதாகும், நீங்கள் டைமரைக் குறை சொல்வீர்கள். உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி கரைந்துபோயிருந்தால் அதையும் மாற்றுங்கள். டாங்கிக்குப் பதிலாகத் துருவைத் தான் வாங்கிக்கொள்வது அதுதான்.

கிண்ணியாவில் ஒருவருக்கு டைமர் சரியாக வேலை செய்தும் தண்ணீர் சூடாகவில்லை. மூடிக்குள் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் சிறு சிவப்புப் பொத்தான் இருக்கும், அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அது துண்டித்துவிடும். பிறேக்கரை இறக்கிவிட்டு அதை ஒரு தடவை அழுத்தலாம். மறுபடி துண்டித்தால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று அர்த்தம். புதியதை வாங்கிப் போடுங்கள், பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.