செட்டிநாட்டு வீட்டில் டிவி ஷோ: மேடைக்குப் பின்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் எடுத்துப் பழகிய குழு, பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி எடுக்கக் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வந்து இறங்கியதும் செய்கிற முதல் தவறு, வீட்டை செட் என்று நினைப்பதுதான். செட்டில் ஆணி அடிக்கலாம், தடுப்பை நகர்த்தலாம். இங்கே வீடு இருக்கிறபடிதான் வேலையை வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வகுக்காத குழுவில் கடைசியில் அவதிப்படுபவர் விருந்தினராக வந்த பிரபலம். மேடை ஏறுமுன் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், யார் அவரோடு பேசினார்கள், எத்தனை நேரம் காக்க வைத்தார்கள் என்பதெல்லாம் அவர் முகத்தில் தெரியும். எடிட்டிங்கில் அதை மறைக்க முடியாது.

அனுமதியில் இருந்து தொடங்குவோம். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். சாவி வைத்திருப்பவர் சரி என்றதும் யூனிட்டைக் கிளப்பி வந்துவிடாதீர்கள். பாதி எபிசோடில் இன்னொரு பங்காளி வந்து “யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?” என்றால் பதில் இருக்காது. எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். அந்தத் தேதியில் வீட்டில் கல்யாணமோ, முன்னோருக்குச் செய்யும் படைப்போ இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழாவையும் பாருங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி - பங்குனித் திருவிழா நடக்கும்போது காரைக்குடியில் ஒலிபெருக்கி இல்லாத அமைதியான ஒரு மணி நேரம் கிடைப்பது கஷ்டம்.

இனி, வெளியூர்க் குழுக்கள் அதிகம் சறுக்கும் இடம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நின்றால் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு (அதற்கு அடுத்த பகுதி), அடுப்படி என்று பின்வாசல் வரை நிலைக்கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். கேமராமேனுக்கு அந்த ஆழம் ரொம்பப் பிடிக்கும், அதை விடவும் மாட்டார். ஆனால் அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கும் ஒவ்வொருவரும் ஃப்ரேமில் விழுவார்கள். தொகுப்பாளர் உருக்கமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் தோளுக்குப் பின்னால், மூன்றாம் கட்டில் புரொடக்‌ஷன் பையன் டீ டிரேயோடு போவார். ரீடேக் கேட்டால் அழுத நடிகை மறுபடி அழ வேண்டும். முதல் நாளே அந்தக் கோட்டைத் தரையில் காட்டி, கேமரா ஓடத் தொடங்க ‘ரோல்’ சொன்னதும் யாரும் அதைக் கடக்கக் கூடாது, பக்கத்துத் தாழ்வாரம் வழியாகத்தான் போகவேண்டும் என்று டீ கொடுப்பவர் வரைக்கும் சொல்லிவிடுங்கள்.

சர்ப்ரைஸ் பகுதி பாழாவதும் வீட்டின் இந்த அமைப்பால்தான். நடிகருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரையோ பால்ய நண்பரையோ அழைத்து வந்து பின்கட்டில் ஒளித்து வைப்பார்கள். பழைய வீடுகளில் கழிவறை பெரும்பாலும் பின்பக்கம்தான். பிரேக்கில் நடிகர் அங்கே போவார்; வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், முடிந்தது. ஒளித்து வைப்பவரைப் பின்தெரு வழியாகக் கூட்டி வந்து மாடி அறையில் உட்கார வையுங்கள். பிரபலத்துக்குத் தெருவில் கேரவன் போட்டுவிடுங்கள். கானாடுகாத்தான் தெருக்கள் அகலமானவை, கேரவன் தாராளமாக நிற்கும். வயதான ஒருவரை மணிக்கணக்கில் தனியாக ஒளித்து வைக்கும்போது, பேச்சுத் துணைக்கு ஓர் ஆளைப் பக்கத்தில் வைப்பது குறைந்தபட்ச மரியாதை.

அப்புறம் சத்தம். ஆத்தங்குடிக் கல், பளிங்கு, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் எல்லாம் எதிரொலிக்கும். வளவைச் சுற்றிய அறைகளில் பேசுவது முற்றம் வழியாக மறுபக்கம் கேட்கும். கேமராவில் தெரியாத இடமெல்லாம் ஜமக்காளம் விரித்தால் குரல் தெளிவாக வரும். ஆனால் எதிரொலியைவிட ஆபத்தானது வாக்கிடாக்கி. “மேடம் இன்னும் மேக்கப்பை முடிக்கலையா, இவங்களோட இதே ரோதனை” என்று வளவை ஒட்டிய பெட்டகசாலையில் ஒரு உதவி இயக்குநர் முணுமுணுத்தால், இரண்டு தூண் தள்ளி உட்கார்ந்திருக்கும் மேடத்துக்கு அது கேட்கும். அதற்குப் பிறகு அவர் கொடுப்பது ஒற்றை வரிப் பதில்தான். எல்லோருக்கும் இயர்பீஸ் கொடுங்கள். விருந்தினரைப் பற்றிய எதையும் வாக்கிடாக்கியில் பேச வேண்டாம்.

உடையில் குத்தும் லேப்பல் மைக்கில் இன்னும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பட்டுப்புடவை மடிப்புக்குள் மைக்கைச் செருகினால் சரசரவென்று உரசும். கழுத்துச் சங்கிலி அதன்மேல் மோதும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி பருத்திச் சேலை என்பதால் அந்த உரசல் குறைவு, ஊருக்கும் பொருத்தம். காஸ்ட்யூமர் சவுண்ட் இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடையை முடிவு செய்தால் போதும். இரண்டாவது தவறு மன்னிக்க முடியாதது: விருந்தினர் கழிவறைக்குப் போகும்போதும் வீட்டாரிடம் போனில் பேசும்போதும் மைக்கை ஆனிலேயே விடுவது. மேடையை விட்டு இறங்கும் படியிலேயே ஓர் ஆள் நின்று மியூட் செய்ய வேண்டும். அதை அவருக்கு வாயால் சொல்லவும் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வீட்டு வயரிங்கில் லைட்டைச் செருகாதீர்கள். ஜெனரேட்டர் வண்டி பின்தெருவில் தள்ளி நிற்கட்டும்.

கால்ஷீட் போடுகிறவர்கள் தூரத்தை மறந்துவிடுகிறார்கள். மதுரை, திருச்சி எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதிகாலை விமானத்தில் வந்தவரை 9 மணிக்கே மேக்கப்பில் உட்கார வைத்துவிட்டு, அவர் பகுதியை மதியம் 2 மணிக்கு எடுப்பது கொடுமை. சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். செட்டிநாட்டில் இறங்கியவருக்கு ஷூட்டுக்கு முன்பே மிளகு வறுவலைப் பரிமாறினால் வியர்த்து மேக்கப் கரையும், தொண்டையும் பிடிக்கும். இடியாப்பம், கத்தரிக்காய்க் கோசமல்லி, வெள்ளைப் பணியாரம் போதும்; கறி விருந்து பேக்கப்புக்குப் பிறகு. அதே சாப்பாடு ஆடியன்ஸுக்கும் போகட்டும். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளைப் பசியோடு கைதட்டச் சொல்வது எனக்குச் சம்மதமே இல்லை. அவர்கள் சிரிப்பில்தான் பிரபலமும் உற்சாகமாவார்.

கடைசியாக வீடு. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் சாயமும் சிமென்ட்டும் ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. டிராலியை, ஸ்டாண்டை அதன்மேல் இழுத்தால் விழும் கோடு போகாது. ரப்பர் பாய் போடுங்கள். சுவரில் டேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். சாமி அறையில் மேக்கப் பெட்டி வைக்காதீர்கள். வீட்டுப் பித்தளை, மரவை (மரப் பாத்திரம்), பீங்கான் சாமான்களை அலங்காரத்துக்கு நகர்த்தும் முன் இருந்த இடத்தோடு போட்டோ எடுத்துவையுங்கள்.

1940-களிலேயே ஏ.வி.மெய்யப்பன் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்த ஊர் காரைக்குடி. கேமராவைப் பார்த்து வாய் பிளக்கும் ஊர் இல்லை. பேக்கப் ஆனதும் பிரபலத்தை வாசல் வழியாக விறுவிறுவென்று காரில் ஏற்றாமல், வீட்டுக்காரர்களோடு முதலில் ஒரு போட்டோ எடுக்க வையுங்கள். டிரைவர், சமையல்காரர், பெருக்கித் துடைக்க வந்த பெண்கள் எல்லோருக்கும் அன்றிரவே பேட்டாவை (தினப்படியை) கையில் கொடுத்துவிடுங்கள். சென்னை போய் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த குழுவுக்கு அந்தத் தெருவில் கதவு திறக்காது.