கூட்டினால் பூஜ்யம் வந்த கணக்கு

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவை நான்தான் எழுதுகிறேன். மார்ச் முடிவில் வங்கியிலிருந்து பதிவிறக்கிய பட்டியலை எக்செல்லில் திறந்து தொகைகளைக் கூட்டினால் விடை 0. எண்கள் அத்தனையும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணாக இருந்தால் தானாகவே வலப்பக்கம் நின்றிருக்கும். எக்செல் அவற்றை எழுத்தாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

வேண்டாத இடைவெளிகளை நீக்கும் டிரிம் (TRIM) சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. ஒரு கட்டத்துக்குள் கர்சரை நகர்த்தியபோதுதான் பிடிபட்டது: 48,500.00க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. இணையப் பக்கங்களில் புழங்கும் அந்த இடைவெளியின் குறியீட்டு எண் 160. டிரிம் நீக்குவதோ 32 என்ற சாதாரண இடைவெளியை மட்டும். தொகைப் பத்தியைப் பொது (General) வடிவத்துக்கு மாற்றினேன். அந்த ஒற்றை இடைவெளியை நகலெடுத்து, கன்ட்ரோலுடன் எச் அழுத்தித் தேடி மாற்றும் சாளரத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் ஒட்டினேன். மாற்றுப் பெட்டியை வெறுமையாக விட்டேன். ஒரே சொடுக்கில் எண்கள் வலப்பக்கம் தாவின. ஆல்ட்டுடன் சமக்குறியை அழுத்தியதும் கூட்டுத்தொகை வந்து நின்றது. எனக்கு உயிர் வந்தது.

மிச்சம் காற்புள்ளி. 1,250,000 என்று அச்சிட்டுக் கொடுத்தால் எங்கள் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். விண்டோஸின் வட்டார அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். 12,50,000 ஆயிற்று.