கிராஃபீனை மைக்ரோஸ்கோப்பில் தேடிப் பிடிப்பது எப்படி?

கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமன் உள்ள கார்பன் ஏடு. மேலே விழும் ஒளியில் 2.3 சதவீதத்தைத்தான் விழுங்கும். அப்படியும் சாதாரண ஆய்வக மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்துவிடலாம். 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் அதை கிராஃபைட்டிலிருந்து உரித்தது உலகப் புகழ் பெற்றது. ஆனால் என்னைக் கேட்டால், பாதி சூட்சுமம் அடியில் இருக்கும் சிலிக்கானில்தான்.

1. வேஃபர் (ஏட்டை ஒட்டவைக்கும் மெல்லிய சிலிக்கான் தகடு): மேலே 90 அல்லது 300 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் வேண்டும். ஆக்சைடின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதைக் கடந்து சிலிக்கானில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. அந்தக் கணக்கை கிராஃபீன் இலேசாகக் கலைப்பதால்தான் ஏடு இருக்கும் இடம் தனியாகத் தெரிகிறது. 300-க்குப் பதில் 315 நானோமீட்டர் ஆனாலே ஒற்றை ஏடு மறைந்துபோகலாம். எனவே தடிமனைக் கேட்டு வாங்குங்கள்.

2. சுத்தம்: அசிட்டோன், அப்புறம் ஐசோபுரோப்பனால், கடைசியில் நைட்ரஜன் ஊதி உலர்த்தல். அவ்வளவுதான்.

3. உரித்தல்: டேப்பில் ஒரு கிராஃபைட் செதிலை வைத்து, மடித்து, மெதுவாகப் பிரியுங்கள். ஐந்தாறு தடவை போதும். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் பரவியதும் வேஃபர் மேல் அழுத்தி ஒட்டி, 100 டிகிரி செல்சியஸில் இரண்டு நிமிடம் சுட வையுங்கள். ஆறியபின் நிதானமாக உரித்தெடுங்கள்.

4. தேடல்: 10 மடங்கு லென்ஸில் வரிசையாக மேயுங்கள். மஞ்சளாக மின்னுபவை தடித்தவை, நீலமாக இருப்பவை ஓரளவு மெல்லியவை, இரண்டையும் விட்டுவிடுங்கள். ஊதாப் பின்னணியில், அதைவிடச் சற்றே கருத்த ஊதாவாக ஒரு நிழல் கிடந்தால் நின்று பாருங்கள். நான் முதன்முதலில் 'கண்டுபிடித்தது' டேப்பின் பசை! கிராஃபீனின் விளிம்பு நறுக்கினாற்போல் நேராக இருக்கும். பசை வழிந்தாற்போல் வளையும். கிடைத்த இடத்தை உடனே 10 மடங்கில் ஒரு படம் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் மறுபடி கண்ணில் படாது.

5. எண்ணிப் பார்த்தல்: படத்தின் பச்சை நிறப் பகுதியை மட்டும் பிரித்தெடுங்கள். அதில் பின்னணியின் பிரகாச மதிப்பு 150, ஏட்டின் மதிப்பு 141 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 9, அதாவது 6 சதவீதம். பக்கத்திலேயே 132 காட்டும் பகுதி இருந்தால் அது இரண்டு ஏடு. கேமராவுக்குக் கேமரா இந்த எண் மாறும். படிகள் ஏறக்குறைய சமமாக இறங்குகின்றனவா என்பதே முக்கியம்.

6. உறுதி: சந்தேகம் தீர ராமன் நிறமாலை எடுங்கள் (லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தை அளப்பது). 2700 அலையெண் (செ.மீ.⁻¹) அருகே வரும் உச்சம் ஒற்றையாக, கூர்மையாக, 1580 அருகே உள்ளதைவிட உயரமாக நின்றால், சரி, அது ஒற்றை ஏடுதான்.