மிகை ஆக்சிஜனால் நுரையீரல் சிதையும்போது அழற்சித் தூதுப்பொருள்களின் பங்கை ஆராய்வது எப்படி

செறிவு மிகுந்த ஆக்சிஜனைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்பதை ஜேம்ஸ் லோரெய்ன் ஸ்மித் 1899-இலேயே விலங்குகளில் காட்டிவிட்டார். அந்தக் கேட்டில் அழற்சித் தூதுப்பொருள்களுக்கு (அழற்சியைத் தூண்டவோ அடக்கவோ செல்கள் வெளியிடும் புரதங்களுக்கு) என்ன பங்கு என்று ஆராய முற்படும் முதுநிலை மாணவர், ஒரு பொருளின் அளவு கூடியிருப்பது வேறு, அதுவே கேட்டை விளைவிப்பது வேறு என்ற தெளிவோடு தொடங்க வேண்டும்.

முதலில் நிகழ்வுகளின் வரிசையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மிகை ஆக்சிஜன் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. அவற்றால் தந்துகிகளின் உட்படலச் செல்களும் காற்றுச் சிற்றறைகளின் மேற்படலச் செல்களும் தாக்குண்டு, என்எஃப்-கப்பா-பி என்ற மரபணு இயக்கும் புரதத்தின் வழியாக இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்பா முதலிய தூதுப்பொருள்களையும், வெள்ளணுக்களை ஈர்க்கும் கீமோகைன்களையும் வெளியிடத் தூண்டப்படுகின்றன. அழைப்பை ஏற்று வரும் நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணுக்கள் தம் பங்குக்கு மேலும் ஆக்சிஜனேற்றிகளையும், திசுவைச் சிதைக்கும் எலாஸ்டேஸ் நொதியையும் கொட்டுகின்றன.

எலியினத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. சி57பிஎல்/6 சுண்டெலிகள் மிகை ஆக்சிஜனுக்கு எளிதில் பாதிக்கப்படும். சி3எச் இனம் அதைவிடத் தாங்கும். இனம் மாறினால் முடிவும் மாறக்கூடும் என்பதால், ஒப்பீட்டுக் குழுவும் அதே இனத்தைச் சேர்ந்ததாக, அதே போன்ற கூண்டில், சாதாரணக் காற்றில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் பெட்டிக்குள் கரியமில வாயு தேங்காதபடி அதை உறிஞ்சும் சோடா லைம் வையுங்கள். தீவனம் மாற்றக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் செறிவு சரியும் என்பதால், அளவுமானியின் எண்ணை நேரத்தோடு குறித்து வையுங்கள். பெட்டியின் அருகே தீப்பொறி எழும் எதற்கும் இடமில்லை.

மாதிரி எடுக்கும் நேரத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். முழு ஆக்சிஜனில் வைத்த பெரிய எலிகளில் (சுண்டெலி அல்லாத ஆய்வக எலிகளில்) முதல் 40 மணி நேரம் வரை நுண்ணோக்கியில் அதிகம் தெரிவதில்லை. 60 மணி நேரத்தை ஒட்டி உட்படலம் அழிந்து, நியூட்ரோபில்கள் குவிந்து, நீர் கசிகிறது. கடைசி நேரத்தில் மட்டும் அளந்தால் எது முந்தியது என்றே சொல்ல முடியாது. ஆகவே கசிவுக்கு முன்னும் பின்னுமாகக் குறைந்தது மூன்று வேளைகளில் அளவிடுங்கள்.

நுரையீரலைக் கழுவி மாதிரி எடுக்க, மூச்சுக்குழாயில் குழலைக் கட்டி, குளிர்ந்த உப்புநீரை மெல்லச் செலுத்தித் திரும்ப உறிஞ்சும்போது, எத்தனை மில்லிலிட்டர் மீண்டது என்பதை உடனே எழுதிவிடுங்கள். நலமான நுரையீரலிலிருந்து வரும் நீர் தெளிவாக, மேலே சிறிது நுரையோடு இருக்கும். சிதைந்ததிலிருந்து வருவது இளஞ்சிவப்பாக இருக்கலாம். அந்த நிறமே ஓர் எச்சரிக்கை: இரத்தத்துக்கும் காற்றறைக்கும் இடையிலான தடுப்பு உடைந்தபின் இரத்தத்திலிருந்த இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்பொருளும் உள்ளே கசிந்திருக்கக்கூடும். எலைசா (ஒரு புரதத்தின் அளவைக் காணும் சோதனை) தரும் எண்ணை மட்டும் நம்பாமல், மொத்தப் புரதத்தையும் பிளாஸ்மா அளவையும் திசுவின் தூது ஆர்என்ஏவையும் சேர்த்துப் பாருங்கள்.

காரணத்தை நிறுவ, தூதுப்பொருளையோ அதன் ஏற்பியையோ தடுத்துப் பார்ப்பதும், வேண்டுமென்றே கூட்டிப் பார்ப்பதும் தேவை. கீமோகைன்களை உணரும் சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பி இல்லாத சுண்டெலிகள் மிகை ஆக்சிஜனில் கூடுதலாகப் பிழைத்தன. நியூட்ரோபில்களை அழைக்கும் வழி கேட்டில் பங்கேற்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. மாறாக, நுரையீரலில் இன்டர்லூக்கின்-6 மிகுதியாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள் மற்றவற்றைவிட நெடுநேரம் உயிரோடிருந்தன. டிஎன்எஃப்-ஆல்பாவையும் இன்டர்லூக்கின்-1-ஐயும் முன்கூட்டியே செலுத்திய எலிகளும் தாக்குப்பிடித்தன. அழற்சியின் அடையாளமாக நாம் அளக்கும் பொருளே சில சூழல்களில் செல்லைக் காக்கிறது. எனவே ‘அழற்சியைக் குறைத்தோம், ஆகவே நுரையீரலைக் காத்தோம்’ என்று எழுதுமுன், பிழைப்பு விகிதத்தையும் கசிவையும் தனித்தனியே காட்டுங்கள்.

குறைமாதக் குழந்தைகளின் நாள்பட்ட நுரையீரல் நோயோடு முடிவுகளை இணைக்க ஆசை எழும். அக்குழந்தைகளின் மூச்சுக்குழாய்ச் சுரப்பில், நியூட்ரோபில்களை ஈர்க்கும் இன்டர்லூக்கின்-8 கூடியிருப்பது உண்மைதான். ஆனால் செயற்கைச் சுவாசக் கருவியின் அழுத்தமும் தொற்றும் அதே பொருளைக் கூட்டும். மேலும், பிறந்த எலிக்குட்டிகள் வளர்ந்த எலிகளைவிட ஆக்சிஜனை நன்கு தாங்குவதால், வளர்ந்த விலங்கில் கண்ட கால அளவுகளைக் குழந்தைக்கு அப்படியே பொருத்த இயலாது.